சிறு வெற்றியும் தன்னம்பிக்கையும்

தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. பள்ளிகளில் நடைபெறும் தன்முனைப்பு முகாம்களில் பேச்சாளர்கள் உரத்த குரலில் "உன்னால் முடியும்" என்கின்றனர். மாணவர்களும் கைதட்டி "முடியும், முடியும்" என்று முழங்குகின்றனர். மறுநாள் கணக்குப் பாடவேளை வந்ததும் பழைய அச்சம் திரும்பிவிடுகிறது. பேச்சாளர் பொய் சொன்னார் என்பதில்லை. மாணவனும் நடிக்கவில்லை. பிறர் வாயிலிருந்து பிறக்கும் உறுதி செவியளவில் நின்றுவிடுகிறது. கையும் காலும் அதனை நம்ப வேண்டுமாயின், அவை தாமே செய்து பார்த்த ஒரு செயலின் சான்று தேவைப்படுகிறது.

அத்தகைய சான்று எவ்வாறு சிறுகச் சிறுகச் சேர்கிறது என்பதற்குக் குளுவாங் நகரில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கடைவீட்டு வரிசையொன்றின் கீழ்த்தளத்தில் இயங்கும் உடற்பயிற்சிக் கூடத்தில், இரும்புத் தட்டுகளுக்கு அருகிலுள்ள மரப்பலகையின்மேல், பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வாரத்தில் மூன்று நாள் காணப்படும். அதற்குரியவர் மாணவர் அல்லர். அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார்.

ஜொகூர் மாநிலத்தின் நடுப்பகுதியில் அமைந்த குளுவாங், பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் 'கெலுவாங்' என்னும் மலாய்ச் சொல்லிலிருந்து பெயர் பெற்ற ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வட்டாரத்திற்கு இரயில் பாதை வந்தது, ரப்பர் வந்தது, ரப்பரோடு தமிழரும் வந்தனர். மெங்கிபோல், நியோர், லம்பாக் என்னும் தோட்டப் பெயர்களை இன்றும் இங்குள்ள தமிழ்ப்பள்ளிகள் தாங்கி நிற்கின்றன. இரயில் நிலையத்துக் காப்பியின் புகழ் 1938ஆம் ஆண்டிலிருந்து தொடர்வது. ஊருக்கு அருகில் 510 மீட்டர் உயரத்தில் குனோங் லம்பாக் மலை நிற்கிறது. விடியற்காலையில் அதன் அடிவாரத்தில் நடப்போரும் ஏறுவோரும் பலர். தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து வீடுகளை விட்டு நகரத்து வரிசை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. அந்த அம்மையாரின் குடும்பமும் அவற்றுள் ஒன்று.

அவர் ஆறாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளியை விட்டவர். பதினைந்தாம் வயதில் தாயோடு பால்மரம் வெட்டப் போனார். விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டதும் உளியை எடுத்துக்கொண்டு நிரைக்குள் நுழைய வேண்டும். ஏறத்தாழ 500 மரங்களை வெட்டி முடித்து, மங்குகளில் வடிந்த பாலைச் சேகரித்து, காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் நிறைவாளிகளைத் தொங்கவிட்டு, மேடும் பள்ளமும் சேறும் நிறைந்த பாதையில் பால் நிறுக்கும் இடம்வரை தூக்கி வர வேண்டும். மூன்று பிள்ளைகளைச் சுமந்த காலங்களிலும் அவர் தோள் காண்டாக் கம்பை விட்டதில்லை. பின்னர்ச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிச் சாக்கில் கட்டித் தூக்கினார். இவ்வாறு முப்பது ஆண்டுகள் கழிந்தன.

இத்துணை வலிமை பெற்றிருந்த ஒருவர், தம்மை வலிமை மிக்கவர் என்று ஒரு நாளும் எண்ணியதில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. நாள்தோறும் தராசில் பால் நிறுக்கப்பட்டது. எடையைக் கிராணியார் தம் புத்தகத்தில் எழுதினார். அந்த எண், தோட்டத்தின் கணக்காகவும் சம்பளத்தின் கணக்காகவும் இருந்தது. அதைத் தூக்கி வந்த தோளின் கணக்காக யாரும் அதனைப் பார்க்கவில்லை. அம்மையாரும் பார்க்கவில்லை. பால் குறைந்த நாளில் ஏச்சு விழுந்தது. கூடிய நாளில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேலை என்றால் அப்படித்தான் என்று அவர் எண்ணிக்கொண்டார். ஒருவர் ஒரு செயலை ஆயிரம் முறை செய்திருந்தாலும், 'இதனைச் செய்தது நான்' என்று உணராத இடத்தில் தன்னம்பிக்கை வேர்கொள்வதில்லை.

அதன் விளைவு முதுமையில் தெரிந்தது. இனிப்பு நீர் நோய் ஐம்பதாம் வயதிலேயே வந்துவிட்டது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடத்தப்பெற்ற தேசியச் சுகாதார ஆய்வு, பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இனவாரியாக நோக்கின் இந்தியரிடையேதான் அந்நோய் மிகுதி. ஆகவே, அம்மையாருக்கு நேர்ந்தது ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. வேலையை விட்டபின் உடலுழைப்பு நின்றது. உணவுப் பழக்கம் நிற்கவில்லை. முழங்கால் வலித்தது. பிறகு ஒருநாள் குளியலறையின் ஈரத்தில் கால் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் அச்சம் குடிபுகுந்தது.

அன்றுமுதல் அவருடைய உலகம் சுருங்கலாயிற்று. சோற்றுப் பானையைத் தூக்க மருமகளை அழைத்தார். அரசாங்க மருத்துவகத்திற்கு மகன் விடுப்பு எடுத்து அழைத்துச் சென்றால்தான் போனார். படிகள் இருக்கின்றன என்பதற்காகக் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். "எனக்கு எதுக்குய்யா, நீங்க போய்ட்டு வாங்க" என்பதே எல்லாவற்றுக்கும் விடையாயிற்று. வீட்டார் அதனை முதுமையின் பணிவு என்று எண்ணினர்.

விழுந்துவிடுவோமோ என்னும் அச்சம் விழுவதைப் போலவே தீங்கு விளைப்பது. அஞ்சுகிறவர் நடமாட்டத்தைக் குறைக்கிறார். நடமாட்டம் குறையத் தசை மெலிகிறது. தசை மெலிய மெலிய விழும் வாய்ப்பு மிகுகிறது. அமெரிக்க மருத்துவர் மேரி டினெட்டி 1990ஆம் ஆண்டில் தம் குழுவினருடன் இவ்வச்சத்தை அளப்பதற்கு ஒரு வினாப்பட்டியல் வகுத்தார். அதில் பெருஞ்செயல் எதுவும் இடம்பெறவில்லை. குளிப்பது, உடை மாற்றுவது, அலமாரியிலிருந்து ஒரு பொருளை எடுப்பது, வீட்டுக்குள் நடப்பது போன்ற அன்றாடச் செயல்களை விழாமல் செய்துவிடலாம் என்று எந்த அளவுக்கு உறுதியாக நம்புகிறார் என்பதே முதியவரிடம் கேட்கப்பட்டது. வாழ்க்கையைத் தாங்கி நிற்பவை இத்தகைய சிறு செயல்களே என்பதை மருத்துவ உலகம் அவ்வாறு ஒப்புக்கொண்டது.

அம்மையாரை உடற்பயிற்சிக் கூடத்திற்கு அழைத்துச் சென்றவர் இளைய மகன். மருத்துவர் நடக்கவும் தசைகளுக்குப் பயிற்சி கொடுக்கவும் கூறியிருந்தார். தாயோ முதலில் மறுத்தார். "எளவட்டப் புள்ளைங்க போற எடத்துல கெழவிக்கு என்ன வேல?" என்றார். அந்த மறுப்பில் நியாயம் இல்லாமலில்லை. சுவரெங்கும் கண்ணாடி, காதைத் துளைக்கும் பாட்டு, புயம் பெருத்த இளைஞர்கள் இரும்பைத் தூக்கித் தரையில் போடும் ஓசை. அங்கு நுழையும் எளியவர் எவரும் தம் குறையைத்தான் கண்ணாடியில் முதலில் காண்பார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மையார் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

பயிற்றுநரான இளைஞரும் தோட்டத்து வீட்டுப் பிள்ளைதான். அவர் இரும்பு எதனையும் காட்டவில்லை. "அம்மா, வீட்டுல எதச் செய்யப் பயமா இருக்கு?" என்று கேட்டார். சற்று நேரம் பேசாதிருந்த அம்மையார், "நாற்காலியில உக்காந்தா, கையூனாம எந்திரிக்கப் பயமா இருக்கு தம்பி" என்றார். உயரமான நாற்காலி ஒன்று கொண்டுவரப்பட்டது. முதலில் கையூன்றி எழுந்தார். பிறகு ஒரு கை மட்டும் ஊன்றி எழுந்தார். மூன்றாம் முறை கைகளை மார்பின்மீது வைத்துக்கொண்டு எழச் சொன்னார் இளைஞர்; பின்னால் தாங்குவதற்கு அவருடைய கை ஆயத்தமாக இருந்தது. அம்மையார் எழுந்தார். இன்னொரு முறையும் எழுந்தார். மூச்சு வாங்கியது. அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது.

புறப்படுமுன் இளைஞர் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் நீட்டினார். "நீங்களே எழுதுங்கம்மா" என்றார். "எனக்கு எழுத்து மறந்துபோச்சு தம்பி" என்று அம்மையார் தயங்கினார். ஆறாம் வகுப்புக்குப் பிறகு கையொப்பத்தைத் தவிர அவர் எழுதியது மிகக் குறைவு. ஆயினும் எழுதினார். கோணலான எழுத்துகளில், 'நார்காளி - 2' என்று முதற்பக்கம் தொடங்கியது. எழுத்துப் பிழையை யாரும் திருத்தவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பிறர் புத்தகத்தில் பதிவான உழைப்பு, முதன்முறையாக அவருடைய புத்தகத்தில் அவர் கையாலேயே பதிவாயிற்று.

அடுத்த வாரம் அந்த எண் 4 ஆனது. மூன்றாம் வாரம் 5. பின்னர் இரண்டு கிலோ எடையுள்ள டம்பெல் ஒன்று ஒவ்வொரு கைக்கும் வந்தது. கம்பிவடத்தில் தொங்கும் பளுவை மார்பை நோக்கி இழுக்கும் பொறியில் ஒரே ஒரு தட்டுடன் தொடங்கினார். ஓடுபொறியில் கைப்பிடியைப் பற்றியபடி மூன்று நிமிடம் நடந்தார். எல்லாம் எழுதப்பட்டன. ஆறாம் வாரத்தில் நாற்காலி எண்ணிக்கை 10 ஆயிற்று. அவ்வளவு விரைவில் தசை பெருத்துவிடுமா என்று கேட்கலாம். பெருத்துவிடாது. பயிற்சியின் முதல் வாரங்களில் கூடும் வலிமை பெரும்பாலும் நரம்பின் வேலை. உறங்கிக்கிடக்கும் தசைநார்களை ஒருங்கே எழுப்பிப் பணிகொள்ள நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது. தசையின் வளர்ச்சி அதன் பின்னரே கண்ணுக்குத் தெரியும். இருக்கும் ஆற்றலைப் பயன்படுத்தக் கற்பதே முதற்படி என்பது உடலுக்கும் பொருந்தும், உள்ளத்திற்கும் பொருந்தும்.

வயது கடந்தபின் பயன் என்ன என்பாருக்கு 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வு விடையளிக்கிறது. மரியா ஃபியாட்டரோன் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்தசைப் பளுப்பயிற்சி அளித்தனர். பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் தசைவலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறில் இயன்றது அறுபதில் இயலாதா?

சிறுகச் சிறுகப் பளுவைக் கூட்டும் இம்முறைக்கு ஒரு வரலாறு உண்டு. தாமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்கர் இளமையில் வாதக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்தவர். எழுந்தபின் பளு தூக்கிப் பழகித் தம் உடலை மீட்டவர். பின்னர் மருத்துவரான அவர், இரண்டாம் உலகப்போரின் இறுதிக் காலத்தில் சிக்காகோவில் இராணுவ மருத்துவமனை ஒன்றில் பணியாற்றினார். முழங்காலில் அடிபட்ட வீரர்களுக்குப் பளுப்பயிற்சி அளித்து, அதன் பயனை 1945இல் கட்டுரையாக வெளியிட்டார். ஒருவர் பத்து முறை தூக்கக்கூடிய பளுவைக் கண்டறிந்து, அது எளிதானபின் பளுவைக் கூட்டுவது அவர் முறை. முதலில் அதற்குப் பெரும்பளுப் பயிற்சி என்றே பெயர் வழங்கினார். சில ஆண்டுகளில் அப்பெயரை மாற்றிப் 'படிப்படியாகக் கூடும் பளுப்பயிற்சி' என்னும் பொருளுடைய பெயரைச் சூட்டினார். பெயர் மாற்றத்தில் முறையின் உயிரே அடங்கியிருக்கிறது. பளு பெரிதா என்பதைவிட, நேற்றையதைக் காட்டிலும் சற்றுக் கூடியதா என்பதே வினா.

தமிழருக்கும் பளு புதிதன்று. தமிழகத்தின் தென்மாவட்டச் சிற்றூர்களில் இளவட்டக்கல் என்னும் உருண்டைக் கல் ஊர்நடுவே கிடக்கும். அதனைக் குனிந்து எடுத்து, முழங்காலில் ஏற்றி, மார்புக்கு உயர்த்தி, தோளுக்குக் கொண்டுசென்று, பின்புறமாகத் தள்ளும் இளைஞனே திருமணத்திற்குத் தகுதியுடையவன் என்று கருதிய காலம் இருந்தது. பொங்கல் விழாவில் அக்கல்லைத் தூக்கும் போட்டி இன்றும் சில ஊர்களில் நடைபெறுகிறது. ஊர் பார்ப்பது கல் தோளைக் கடக்கும் அந்த ஒரு கணத்தைத்தான். அதற்குமுன் அவ்விளைஞன் வயலிலும் களத்திலும் தூக்கிய நெல்மூட்டைகளை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தூக்க இயலாதவனோ ஊர்முன் தலைகுனிந்து செல்ல நேர்ந்தது. ஒரே கல்லால் எல்லாரையும் அளந்ததனால் வந்த கேடு அது.

ஜெர்மானிய பலசாலி யூஜின் சாண்டோ 1904, 1905ஆம் ஆண்டுகளில் இந்தியாவைச் சுற்றிவந்தபின், பளுப்பயிற்சி செய்வோரைச் 'சாண்டோ' என்று அழைக்கும் வழக்கம் தமிழகத்திலும் பரவியது. திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர் அப்பெயர் தாங்கியவர்களுள் எல்லாரும் அறிந்தவர். இக்காலத்து வீரருள் வேலூரை அடுத்த சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். ஒரே இழுப்பில் தலைக்குமேல் தூக்கும் முறையில் 149 கிலோ, தோளில் நிறுத்திப் பின் தூக்கும் முறையில் 179 கிலோ, ஆக 328 கிலோ. அவ்விளையாட்டில் 2005ஆம் ஆண்டிலிருந்து பளு ஒவ்வொரு கிலோவாகக் கூட்டப்படுகிறது. மேடையில் 179 கிலோவைக் கண்டு மக்கள் வியக்கின்றனர். தூக்கியவர் ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று ஏறிவந்த படிகளை அறிவார். அவர் நெஞ்சுறுதி அப்படிகளில் நிற்கிறது.

இதனை ஆசிரியப் பயிற்சி பெற்றோர் உளவியல் நூல்களில் வேறு சொற்களால் படித்திருப்பர். ஆல்பர்ட் பண்டூரா என்னும் உளவியலறிஞர் 1977ஆம் ஆண்டில், ஒருவர் ஒரு செயலைத் தம்மால் செய்ய இயலும் என்று கொள்ளும் நம்பிக்கையைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதினார். அந்நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் உள என்றார். தாமே செய்து வெற்றி காணுதல் முதலாவது. தம்மைப் போன்ற ஒருவர் செய்வதைக் காணுதல் இரண்டாவது. பிறர் சொல்லும் ஊக்கமொழி மூன்றாவது. படபடப்பு, களைப்பு முதலிய உடல்நிலைகளை எவ்வாறு பொருள்கொள்கிறார் என்பது நான்காவது. இந்நான்கனுள் முதலாவதே வலிமை மிக்கது என்பது அவர் முடிபு. தன்முனைப்பு முகாமின் கைதட்டல் மூன்றாம் ஊற்றைச் சேர்ந்தது. அதனை மட்டும் இறைத்துவிட்டு முதல் ஊற்றைத் தூர்ந்துபோக விடுவதால்தான், மண்டபத்தில் பிறந்த உறுதி வகுப்பறையில் வாடிவிடுகிறது.

குளுவாங் கூடத்தில் நான்கு ஊற்றுகளையும் காணலாம். நோட்டுப் புத்தகம் முதல் ஊற்று. அம்மையார் சேர்ந்த சில மாதங்களில், அவரைப் பார்த்து அதே வீடமைப்புப் பகுதியிலிருந்து வேறு இரு பெண்மணிகள் வந்து சேர்ந்தனர். அது இரண்டாம் ஊற்று. பயிற்றுநரின் சொல் மூன்றாவது. நெஞ்சு படபடத்தபோது 'மயக்கம் வரப்போகிறது' என்று அஞ்சிய அம்மையார், 'உழைத்தால் நெஞ்சு இப்படித்தான் அடிக்கும். தோட்டத்தில் மேடேறும்போதும் அடித்ததே' என்று நினைவுகூர்ந்து நிதானித்தாரே, அது நான்காவது. ஆயினும் இனிப்பு நீருக்கு மருந்து உட்கொள்வோர்க்குச் சர்க்கரை அளவு திடீரெனத் தாழ்வதும் உண்டு. ஆகையால் உணவு உண்டபின்னரே வருவதும், பையில் மிட்டாய் வைத்திருப்பதும், மருத்துவரைக் கேளாமல் மருந்தைக் குறைக்காதிருப்பதும் அங்கு விதியாயின. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதும் அறிவே.

வளர்ச்சி நேர்கோட்டில் சென்றது என்று கூறினால் அது பொய்யாகும். ஐந்தாம் மாதத்தில் நோட்டுப் புத்தகத்தில் எண்கள் நின்றுவிட்டன. மூன்று வாரம் ஒரே எடை, ஒரே எண்ணிக்கை. அம்மையாரின் முகம் வாடியதைக் கண்ட பயிற்றுநர், ஊக்கப்படுத்தும் ஆர்வத்தில் ஒருநாள் பளுவைச் சற்று மிகுதியாகவே கூட்டிவிட்டார். அன்றிரவு முழங்கால் வீங்கியது. ஒரு மாதம் கூடத்தின் வாயிலை அம்மையார் மிதிக்கவில்லை. "சொன்னேன்ல, வயசான காலத்துல இதெல்லாம் ஒத்துக்காதுன்னு" என்று பழைய குரல் திரும்பியது. பிறருடைய ஆர்வம் ஒருவருடைய படியைத் தாண்டும்போது நேரும் தீங்கு அது. மாணவனின் அளவறியாமல் பாடத்தை விரைந்து நடத்தும் ஆசிரியர்க்கும் இதில் பாடம் உண்டு.

அவரைத் திரும்ப அழைத்துவந்தது எவருடைய அறிவுரையும் அன்று. வீங்கிய காலை நீட்டிப் படுத்திருந்த நாள்களில் ஒருநாள், பொழுது போகாமல் அந்த நோட்டைப் புரட்டினார். முதற்பக்கத்தில் 'நார்காளி - 2' என்றிருந்தது. அதற்குப் பின்வந்த பக்கங்களில் இருந்த எண்களை யாரும் இரக்கப்பட்டு எழுதவில்லை. அவர் செய்தார், அவரே எழுதினார். வீக்கம் வடிந்து மருத்துவர் இசைந்தபின், பாதி எடையுடன் மீண்டும் தொடங்கினார். விட்ட இடத்தைப் பிடிக்க ஐந்து மாதம் ஆகவில்லை. ஐந்து வாரமே ஆயிற்று. பயிற்றுநர் தம் தவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். "பரவால்ல தம்பி, இனி நான் சொல்றப்ப கூட்டு" என்றார் அம்மையார். பளுவைக் கூட்டும் உரிமையைத் தம் கையில் எடுத்துக்கொண்ட அந்த நாளையே அவருடைய தன்னம்பிக்கை பிறந்த நாளாகக் கொள்ளலாம். எளிதில் கிட்டும் வெற்றியை மட்டும் பழகியவர் முதல் தோல்வியில் தளர்ந்துவிடுவார் என்று பண்டூரா எச்சரித்ததும் இதனை ஒட்டியதே. இடர்ப்பாட்டைக் கடந்து பெற்ற வெற்றிதான் அடுத்த இடரைத் தாங்குகிறது.

கூடத்தில் சேர்ந்த வலிமை கூடத்தோடு நின்றுவிட்டால் அதனால் ஆவது சிறிதே. அம்மையாரின் வீட்டில் மாற்றங்கள் ஒவ்வொன்றாக நிகழ்ந்தன. ஒருநாள் மருமகள் வேலையிலிருந்து திரும்புமுன் சோற்றுப் பானை அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. மற்றொரு நாள் அருகிலுள்ள மளிகைக்கடையிலிருந்து 10 கிலோ அரிசிப்பையைக் கடைக்காரப் பையன் தூக்கி வர முனைந்தபோது, "வையி, நான் எடுத்துக்கிறேன்" என்று தாமே தள்ளுவண்டியில் தூக்கி வைத்தார். மருத்துவகத்திற்குப் பேருந்தில் தனியே போய் வந்தார். மகன் அதனை அறிந்து முதலில் கோபித்துக்கொண்டான். பிறகு வெளியே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு குனோங் லம்பாக் அடிவாரத்திற்குச் சென்று, மலைப்பாதையின் தொடக்கத்தில் சிறிது தொலைவு ஏறிவிட்டுத் திரும்பினார். உச்சிக்குப் போகவில்லை, போக வேண்டும் என்று அவர் கருதவும் இல்லை. திரும்பி வந்ததும் நோட்டில் எழுதினார்: 'மலை - கொஞ்சம்.'

இனிப்பு நீர் மறைந்துவிடவில்லை. தசைகள் இயங்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்வாங்கிக்கொள்வதால் அதன் அளவு கட்டுக்குள் வந்தது. மாத்திரைகள் தொடர்கின்றன. முழங்கால் மழைநாளில் இன்றும் வலிக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர் அனைவரும் வாரத்தில் இரு நாளேனும் தசை வலுப்பெறும் பயிற்சி செய்தல் வேண்டும் என்று கூறியுள்ளது. அதற்குக் கூடமும் கட்டணமும் இன்றியமையாதன அல்ல. வீட்டு நாற்காலியும் தண்ணீர் நிரப்பிய போத்தல்களும் போதும். கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும்.

இந்த நோட்டின் பயன் வேறோர் இடத்திற்கும் பரவியது. அம்மையாரின் பேத்தி தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு பயில்பவள். பின்னக் கணக்கு என்றாலே அழுவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் காட்டித் தாய் அவளைக் கடிந்துகொள்வது வழக்கம். ஒருநாள் மாலை அழுதுகொண்டிருந்த சிறுமியிடம் பாட்டி கேட்டார்: "நேத்து எத்தன கணக்கு சரியாப் போட்ட?"

"ஒன்னு பாட்டி."

"இன்னிக்கு?"

"ரெண்டு."

"அப்ப எழுதி வையி. நாளைக்குப் பார்ப்போம்."

சிறுமியின் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அன்றிலிருந்து எண்கள் ஏறத் தொடங்கின. சில நாள் இறங்கவும் செய்தன. இறங்கிய நாளில் பாட்டி தம் நோட்டைத் திறந்து, முழங்கால் வீங்கிய மாதத்தின் வெற்றுப் பக்கத்தையும், அதற்கடுத்த பக்கத்தையும் காட்டினார். உளவியல் நூல் எதுவும் அவர் படித்ததில்லை. ஆனால் பேத்திக்கு அவர் அளித்தது, தாம் உடலால் கற்ற பாடம்.

வகுப்பறைகளில் முதல் மதிப்பெண் பெறுவோர்க்குப் பரிசளிப்பு விழா நடைபெறுகிறது. அது வேண்டாம் என்பதில்லை. ஆனால் நாற்பது பேர் கொண்ட வகுப்பில் முதலிடம் ஒன்றுதான். மற்ற முப்பத்தொன்பது பேரும் யாருடைய புத்தகத்தில் பதிவாகின்றனர்? ஆண்டிறுதி மதிப்பெண் பட்டியல் பள்ளியின் கணக்கு. நேற்று ஒரு சொல்லைத் தவறாக எழுதியவன் இன்று சரியாக எழுதினான் என்பது அவனுடைய கணக்கு. அதனை அவனே எழுதிவைக்கப் பழக்கும் ஆசிரியர், அவனுக்கு யாரும் பறித்துக்கொள்ள முடியாத ஒரு சொத்தைச் சேர்த்துக் கொடுக்கிறார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது பழமொழி. கல் தேய்வதை எறும்பு அறியுமோ அறியாதோ, மனிதன் அறிந்துகொள்ள வேண்டும். தன் முயற்சியால் தேய்ந்த அளவைக் கண்ணாரக் காண்பவனே மறுநாளும் முயல்வான்.

தோட்டங்களில் உழைத்த தலைமுறையினர் தூக்கிய பளுவுக்கு அளவில்லை. அவர்கள் தோளில் நின்றே இவ்வட்டாரத்துத் தமிழர் வீடுகளும் பள்ளிகளும் கோயில்களும் எழுந்தன. அவர்களுள் பலர் தம்மை ஒன்றுக்கும் ஆகாதவராக எண்ணிக்கொண்டு மூலையில் அமர்ந்திருப்பது இரங்கத்தக்கது. அவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதைவிட, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஒருமுறை எழுந்து பார்க்கத் துணை நிற்பது மேலான மரியாதையாகும்.

அம்மையாரின் முதல் நோட்டு நிறைந்துவிட்டது. அதனைச் சாமி மாடத்தின் கீழ்த் தட்டில், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களோடு வைத்திருக்கிறார். இரண்டாம் நோட்டைப் பேத்தி வாங்கிக் கொடுத்தாள். அதன் முதற்பக்கத்தில் இப்போது 'நாற்காலி - 15' என்று எழுதப்பட்டிருக்கிறது. எழுத்துப் பிழையையும் அவரே திருத்திக்கொண்டார்.